திரும்பி வருவாள் என்பதற்கு என்ன சாட்சி?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை வாங்கியவர். மூன்று வார லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர்ஷிப் பைல் போட்டாயிற்று. அது முடிய எத்தனை மாதமோ, தைப் பொங்கலையாவது அவரோடு கொண்டாடிவிட்டு வரலாமே என்று அவள் விசிட்டர் விசாவுக்கு எழுதினாள். திருமணப் பதிவுச் சான்று, நாற்பது போட்டோ, மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு, அப்பா பேரில் இருக்கும் நஞ்சை நிலத்தின் பட்டா, சிட்டா எல்லாம் வைத்தாள். சில வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. உங்கள் கணவர் எங்கள் நாட்டில் இருக்கிறார், ஆகவே கெடு முடிந்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு ஏற்படவில்லை என்பது அதன் சாரம்.

கடிதத்தை என்னிடம் நீட்டி அவள் கேட்டாள்: “ஏனுங் மாமா, எம்பட ஊட்டுக்காரரு அங்க இருக்கறதுனாலதானுங்க நானே போறேங்கறேன். அதையே குத்தமாச் சொன்னா நான் இன்னி என்னத்தையிங்க காட்டறது?”

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் இப்போது இந்தக் கேள்வி இல்லாத சொந்தபந்தம் குறைவு. பின்னலாடை, பம்புசெட், சாப்ட்வேர் என்று தொழில் எதுவானாலும் பங்காளி வகையறாவில் ஒருவராவது டொரொன்டோவிலோ டல்லாஸிலோ மெல்போர்னிலோ இருக்கிறார். கல்யாணம் இங்கே, குடித்தனம் அங்கே. நடுவில் ஓர் ஆண்டு, சமயத்தில் அதற்கும் மேலே, புதுப்பெண் போனில் குடும்பம் நடத்துகிறாள்.

சிக்கலின் வேர் இதுதான். ஸ்பான்சர்ஷிப் பைலில் அவள், ‘கணவனோடு வாழ நிரந்தரமாக வரப்போகிறேன்’ என்று எழுதுகிறாள். விசிட்டர் பைலில், ‘போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்’ என்று எழுதுகிறாள். இரண்டும் உண்மை. இப்போது போய் வருவாள், முறைப்படி அனுமதி கிடைத்த பிறகு நிலையாகப் போவாள். குடும்பத்துக்கு இதில் முரண்பாடே தெரியாது. அதிகாரிக்கோ ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதுபோலத் தெரிகிறது. அவர் கண்ணை எந்த அளவுக்குத் திறக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

மனைவியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1908இல் கனடா, சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று விதி போட்டது. இந்தியாவிலிருந்து அப்படி நேர்க்கப்பல் வசதி இல்லாததால் அது இந்தியருக்குப் போட்ட பூட்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரமறுப்பு ஆலைகளில் உழைத்த பஞ்சாபிகள் மனைவியை வரவழைக்க முடியாமல் தவித்தார்கள். 1912இல் பாக் சிங், பல்வந்த் சிங் இருவரும் தங்கள் மனைவியரோடு வான்கூவரில் வந்து இறங்கியபோது, அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்ப உத்தரவு பிறந்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகு, உரிமை என்று ஒப்புக்கொள்ளாமல் ‘கருணை’ என்ற பெயரில் தங்க விட்டார்கள். மனைவி, குழந்தைகள் வரலாம் என்று பொதுவாக வழி திறந்தது 1919இல்தான்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த பாய் மரியம் என்ற பெண்ணுக்கு மனைவி என்ற தகுதியை மறுத்தார். பலதாரத்துக்கு இடம்தரும் மதச் சடங்குப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தில் திருமணமே ஆகாது என்பது தீர்ப்பு. ஒரு பெண்ணின் நுழைவு அனுமதி வழக்கு, ஒரே நாளில் அங்கிருந்த பெரும்பாலான இந்திய மனைவியரையும் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லாதவர்களாக ஆக்கியது. காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கக் காரணமானது அதுவே. அவருடைய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். சிறைக்குப் போய் நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரு மனைவியை மனைவி என்று ஏற்றுக்கொண்டது. வள்ளியம்மையை நாம் பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்தப் போராட்டத்தின் காரணங்களில் ஒன்று இன்றைய விசா மறுப்புக் கடிதத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். இந்தக் கேள்வியில் ஓரளவு வெளிச்சமான சட்டம் கனடாவுடையது. 2002 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்ற, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 22(2) பிரிவு, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதாலேயே ஒருவரைத் தற்காலிகமாக வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ‘இரட்டை நோக்கம்’ என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் உண்டு: கெடு முடிந்ததும் வெளியேறுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். முதல் பாதி கதவைத் திறக்கிறது, இரண்டாம் பாதி சாவியை அதிகாரி கையில் கொடுக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு பைல்களில் ஒன்று பாஸாகி மற்றொன்று திரும்பி வருவது இதனால்தான்.

2023 மே மாதம் அப்போதைய குடியேற்ற அமைச்சர் ஷான் பிரேசர் ஒரு மாற்றத்தை அறிவித்தார். ஸ்பான்சர்ஷிப் நிலுவையில் உள்ள மனைவி, கணவன் ஆகியோரின் விசிட்டர் விண்ணப்பங்களைத் தனி முறையில் பரிசீலிப்பது, பெரும்பாலானவற்றை 30 நாளில் முடிப்பது என்பது அறிவிப்பு. அந்த முறையில் பார்த்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஒப்புதல் பெற்றதாகவும் துறை சொன்னது. உள்ளே வந்து துணையோடு வாழ்பவர்கள், நிரந்தர விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வழி செய்தார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் ‘திரும்பிப் போய்விடுவேன்’ என்று உறுதி சொன்ன பெண், உள்ளே போனபின் கெடு முடிவதற்குள் முறையாக நீட்டிப்புக் கேட்கலாம், தங்கியே காத்திருக்கலாம். சட்டமே அனுமதிக்கும் ஒன்றைச் செய்துவிடுவாளோ என்று வாசலில் சந்தேகப்படுவது எப்படி நியாயம்? கனடாவின் விதி இந்த இடத்தில் தனக்குத்தானே இடறுகிறது.

அதே கனடா பெற்றோர், தாத்தா பாட்டிக்கு 2011 டிசம்பரில் ‘சூப்பர் விசா’ கொடுத்தது. 2022 ஜூலை முதல் ஒரே வருகையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். பேரனைப் பார்க்கப் போகும் அப்பத்தாவுக்குத் தனி விசா இருக்கிறது. கட்டிய மனைவிக்கு அப்படி ஒன்று இல்லை.

மறுப்பு வந்தால் கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது. அதில் இருப்பவை பெரும்பாலும் அச்சடித்த பொதுக் காரணங்கள். அதிகாரி கணினியில் எழுதிவைத்த குறிப்பைத் தகவல் பெறும் சட்டப்படி 5 டாலர் கட்டி வாங்கலாம். மனைவியின் சம்மதக் கையெழுத்தோடு, கனடாவில் இருக்கும் கணவன் கேட்கலாம். வேலை பற்றிய சந்தேகமா, பணம் பற்றியதா, திருமணத்தின் மீதே சந்தேகமா என்பது அதில் தெரியும். அது தெரியாமல் பழைய பைலையே திரும்பப் போடுவது காசைக் கரைப்பது.

அமெரிக்காவின் சட்டம் எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. 214(பி) பிரிவின்படி, விசிட்டர் விசா கேட்கும் ஒவ்வொருவரும் குடியேற வருபவர் என்றே முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று காட்டுவது கேட்பவர் பொறுப்பு. கணவன் போட்ட ஐ-130 மனு நிலுவையில் இருக்கும் பெண், குடியேறும் எண்ணத்தை எழுத்திலேயே கொடுத்துவிட்டவள். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, ஜெமினி பாலத்தருகே தூதரக வரிசையில் நிற்கிறாள். ஜன்னலில் நடக்கும் பேச்சு இரண்டு மூன்று நிமிஷம். கையில் இருக்கும் பைலைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. 185 டாலர் கட்டணம் திரும்பாது. நிலுவை மனு இருந்தால் விசா கொடுக்கவே கூடாது என்று விதி கிடையாது, கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் சுமை முழுவதும் அவள் தலையில்.

இங்கே நம் ஊர்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ளாமல் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘கிரீன் கார்டு மாப்பிள்ளை’ என்றால் கொங்கு நாட்டில் மதிப்பு கூடுதல். எச்-1பி விசாவில் இருப்பவர் என்றால், ‘இன்னும் செட்டில் ஆகலையா’ என்று கேட்கிறார்கள். மனைவியை அழைத்துப் போவதில் நிலைமை நேர்மாறு. எச்-1பி மாப்பிள்ளையின் மனைவிக்கு எச்-4 விசா உண்டு. அந்த வகையில் குடியேறும் எண்ணம் தடையே இல்லை, சில மாதங்களில் சேர்ந்து வாழப் போய்விடலாம். கிரீன் கார்டு வாங்கிய பிறகு கல்யாணம் செய்பவரின் மனைவியோ எப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் எண்ணிக்கை வரம்புள்ள வரிசை அது, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கிரீன் கார்டு கைக்கு வருவதற்கு முன்பே கல்யாணம் நடந்திருந்தால், மனைவி அவரைத் தொடர்ந்து போக வேறு வழி இருக்கிறது. ஒரு முகூர்த்தத் தேதி முன்னே பின்னே போவதால் இரண்டு வருஷப் பிரிவு வருகிறது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள், மாப்பிள்ளையின் விசா வகையையும் கிரீன் கார்டு தேதியையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு நிச்சயம் செய்தால் எத்தனையோ பெண்களின் கண்ணீர் மிச்சப்படும். குடிமகனின் மனைவிக்கு அந்த எண்ணிக்கை வரிசை இல்லை. ஆனாலும் மனு, ஆவணம், மும்பை தூதரகத்தில் நேர்காணல் என்று காலம் போகத்தான் செய்கிறது.

பிரிட்டனில் தடை வேறு உருவில் இருக்கிறது. மனைவியை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுண்டாக உயர்த்தினார்கள். அந்தச் சம்பளம் வரும்வரை பெண் ஆறு மாத விசிட்டர் விசாவில் போய் வரலாம். ஆனால் அடிக்கடி வந்து அங்கேயே வாழ்வதுபோல் ஆகிவிடக் கூடாது, உள்ளே இருந்தபடி மனைவி விசாவுக்கு மாறவும் முடியாது. ஆஸ்திரேலியா வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவருக்கு 309 என்ற வகையை வைத்திருக்கிறது. முடிவு வரும் நேரத்தில் விண்ணப்பதாரர் நாட்டுக்கு வெளியே இருந்தே தீர வேண்டும் என்ற பழைய விதியை 2023 நவம்பரில் தளர்த்தினார்கள். முன்பெல்லாம் பார்க்கப் போன மனைவி, முடிவு வாங்குவதற்காக விமானம் ஏறி வெளியே போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

கோவை விமான நிலையத்திலிருந்து நேராகப் பறக்கும் ஊர்களில் நிலைமை எவ்வளவோ எளிது. சிங்கப்பூரில், குடிமக்களைக் கட்டியவர்கள் நீண்டகால வருகை அனுமதியில் சேர்ந்து வாழ்ந்தபடியே நிரந்தர அனுமதிக்குக் காத்திருக்கலாம். 2012இல் அதை மேம்படுத்தவும் செய்தார்கள். ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனவர் 4,000 திர்ஹம் சம்பளமோ, வீட்டோடு 3,000 திர்ஹமோ காட்டினால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். நிரந்தர வசிப்புரிமை என்ற பேச்சே அங்கே இல்லாததால் ‘திரும்பிப் போவாளா’ என்ற சந்தேகமும் எழுவதில்லை.

‘திரும்புவதற்கான பிணைப்பு’ என்று விசா அலுவலகங்கள் கேட்பது வேலை, சொத்து, குடும்பப் பொறுப்பு. இதில் சொத்து என்பது கொங்குப் பெண்ணுக்கு வைத்த பொறி. இந்தப் பக்கம் பெருமையே காடுதோட்டம்தான். தென்னந்தோப்பு, மஞ்சள் காடு, கிணறு எல்லாம் உண்டு, பட்டாவில் அவள் பெயர் இல்லை. 1989இல் தமிழ்நாடு அரசின் திருத்தமும், 2005இல் மத்திய அரசின் திருத்தமும் மகளுக்கு மகனோடு சமபங்கு கொடுத்தன. கொடுத்ததைக் கேட்டு வாங்கிய மகள்கள் இங்கே எத்தனை பேர்? கல்யாணச் சீராக நகையும் காரும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதே நடைமுறை. அப்பன் பட்டாவைப் பார்க்கும் அதிகாரி, ‘இவளுக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்டால் அந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் நாம் கேட்டிருக்க வேண்டும். என் அக்கா மகளின் பைலில் இருந்த பெரிய ஓட்டை இதுதான். அவளுடைய சொந்த வேலையைப் பற்றி அதில் ஒரு தாளும் இல்லை. அவள் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை லீவு, எந்த நாள் திரும்ப வேலையில் சேர வேண்டும் என்று கல்லூரி கொடுக்கும் ஒரு கடிதம், அப்பாவின் ஐந்து ஏக்கரைவிட அவள் பேரில் வலுவாகப் பேசும்.

திருமணத்துக்கான சாட்சியிலும் கவனம் வேண்டும். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மரபுப்படி அருமைக்காரர் முன்னின்று சீர் செய்வார், மாப்பிள்ளையின் அக்கா தங்கை இணைச்சீரில் நிற்பார், நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார். தீ வலம் வருவதுதான் இந்துக் கல்யாணம் என்று படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இந்தப் போட்டோக்கள் புரியாது. சுயமரியாதைத் திருமணம் என்றால் மேடையில் ஒரு மைக்கும் இரண்டு மாலையும்தான் தெரியும். அதற்கு இந்துத் திருமணச் சட்டத்திலேயே 7ஏ பிரிவாக, அண்ணா முதல்வராக இருந்த 1967இல் நிறைவேறிய திருத்தம் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே இவர் யார், இது என்ன சீர் என்று ஒரு வரி, கூடவே சடங்கை விளக்கி ஒரு பக்கக் கடிதம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிவு செய்வதை 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு அந்த ஞாபகம் வருவதில் பயனில்லை.

ஏஜென்டுகளில் சிலர் தரும் யோசனை ஒன்றைக் கேட்டு நானே பதறியிருக்கிறேன். ஸ்பான்சர்ஷிப் போட்டதைச் சொல்லாதீர்கள், அண்ணன் வீட்டுக்கு ஊர் சுற்றப் போவதாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். இது கழுத்துக்குக் கத்தி. உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று அமெரிக்க விண்ணப்பப் படிவமே நேராகக் கேட்கிறது. பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரத் தடைக்கே அங்கே சட்டம் இருக்கிறது. கனடாவில் ஐந்து ஆண்டு தடை. ஒரு மாதப் பயணத்துக்காகச் சொல்லும் பொய், வாழ்நாள் முழுவதும் சேர்ந்து வாழும் வழியை அடைத்துவிடும். ஸ்பான்சர்ஷிப் எண்ணை முதல் பத்தியிலேயே எழுதி, ‘நிரந்தர அனுமதி வரும்வரை விதியை மீறி எங்கள் விண்ணப்பத்தை நாங்களே கெடுத்துக்கொள்ள மாட்டோம்’ என்று சொல்வதே நேர்மையான வழி, வலுவான வாதமும்கூட.

அரசுகளின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விசாவுக்காக நடக்கும் பொய்க் கல்யாணங்கள் உண்டு. மறுபுறம், தாலி கட்டிவிட்டுப் போய்த் திரும்பியே பார்க்காத மாப்பிள்ளைகளும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் திருமணத்தை 30 நாளில் பதிவு செய்யக் கோரும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் வந்து, சட்டமாகாமல் நின்றது. 2024இல் சட்ட ஆணையம் தன் 287ஆவது அறிக்கையில் இதற்கு விரிவான சட்டம் வேண்டும் என்றது. பெண் போய்ப் பார்த்துவிட்டு வருவது இந்த இரண்டு அச்சங்களுக்குமே மருந்து. அவன் எங்கே வேலை செய்கிறான், எந்த வீட்டில் இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பதை அவள் கண்ணால் பார்க்கிறாள். குறித்த நாளில் திரும்பி வருவதன் மூலம் தன் சொல்லை அரசுக்கும் நிரூபிக்கிறாள்.

இன்னொரு கூட்டத்தை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கோவை பூலுவபட்டியிலும் ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலும் இருக்கும் முகாம்களுக்கு 2021 முதல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர். அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கும் புலம்பெயர்ந்த நாட்டில் வரன் அமைகிறது. அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. நாட்டை விட்டுக் கிளம்ப அரசின் வெளியேற்ற அனுமதி வேண்டும். ‘உன் நாட்டுக்குத் திரும்புவாய் என்பதற்கு என்ன சாட்சி’ என்று அவளைக் கேட்டால், எந்த நாட்டைச் சொல்வாள்? விசிட்டர் விசா என்ற கதவு அவளுக்குச் சுவரில் வரைந்த படம்.

விசா கிடைக்காதவர்கள் வேறு வழியில் சமாளிக்கிறார்கள். மாப்பிள்ளை லீவு சேர்த்து இங்கே வருகிறார். நிரந்தர வசிப்புரிமை மட்டும் வைத்திருப்பவர் கனடாவில் ஐந்தாண்டில் 730 நாள் இருந்தாக வேண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா கேட்காததால், கோலாலம்பூரில் சந்தித்துப் பத்து நாள் சேர்ந்து இருந்துவிட்டுப் பிரிகிற தம்பதிகளும் உண்டு. டிக்கெட், ஓட்டல் ரசீது, பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் உறவுக்குச் சாட்சியாக ஸ்பான்சர்ஷிப் பைலில் சேரும். ஆனால் மூன்றாவது நாட்டு ஓட்டல் அறையில் தலைப்பொங்கல் வைக்க முடியாது.

என் அக்கா மகள் கல்லூரிக் கடிதத்தோடு இரண்டாம் முறை விண்ணப்பித்திருக்கிறாள். இந்தக் கட்டுரை எழுதும்வரை பதில் வரவில்லை.

பிரிந்திருக்கும் தம்பதிகளுக்கென்றே ஒரு விசா சட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2000 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு சட்டம் ‘வி’ விசாவை உண்டாக்கியது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி மூன்று ஆண்டு வரிசையில் நின்றுவிட்டால், அமெரிக்காவுக்கே வந்து கணவனோடு வாழ்ந்தபடி, வேலையும் பார்த்தபடி காத்திருக்கலாம். ஆனால் அந்தத் தேதிக்குள் மனு போட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று வரம்பு வைத்துவிட்டார்கள். பிறகு வந்த மனைவியருக்கு அந்த வழி இல்லை. விசாவின் பெயர் சட்டத்தில் அப்படியே இருக்கிறது, தேதிதான் பழையது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் கொங்குத் தமிழர்களே, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தத் தேதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.